முன் டயருக்கு வயசு என்ன? தோட்டப்புறத்துக் காப்சாய்க்கு டயர் மாற்றும் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் நிற்கும் காப்சாய்களை (சிறிய கியர் மோட்டார் சைக்கிள்களை)க் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல மோட்டார்களில் பின் டயர் கறுகறுவென்று புதுசாக இருக்கும். முன் டயரோ சாம்பல் பூத்து, மோட்டார் வாங்கிய அன்று வந்ததாகவே இருக்கும். பின் டயர் இன்ஜின் இழுவையையும் பின்னால் உட்காருபவரின் பாரத்தையும் தாங்குவதால் பொதுவாக 10,000, 15,000 கிலோமீட்டரில் போத்தாக் ஆகிவிடுகிறது. மொட்டை கண்ணில் படுகிறது, மாற்றிவிடுகிறோம். முன் டயர் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும். லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) டவுனுக்குமாக நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிற மோட்டார் வருஷத்துக்கு 1,825 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதன் முன் டயர் 20,000 கிலோமீட்டர் ஓடித் தேய்வதற்குப் பதினோரு வருஷம் ஆகும். அதற்கு வெகு முன்பே ரப்பர் செத்துவிடும். புங்கா (டயரின் மேல்புறத்தில் வெட்டியிருக்கும் பள்ள வரிகள்) மட்டும் ஆழம் குறையாமல் நிற்கும்.

பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னால் வந்து விழுகிறது. மழையில் மோட்டாரை நிறுத்துவதும் வளைவில் தாங்குவதும் அந்தக் கிழட்டு டயர்தான். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், முன் சக்கரம் வழுக்கினால் அது கிடைக்காது. அதனால் முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி.

வைத்து ஓட்டுவதா, கழற்றுவதா

முதலில் தேதி. டயரின் பக்கச்சுவரில், பெரும்பாலும் ஒரு சிறு நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். இரண்டு பக்கமும் அச்சிடுவது கட்டாயமில்லை. மிஷலின் போன்ற கம்பெனிகள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை டயரைக் காட்டச் சொல்கின்றன. பத்து வருஷமானால் எப்படி இருந்தாலும் கழற்றச் சொல்கின்றன. பத்து என்பது மேல்வரம்பு. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் தோட்டத்து மோட்டாருக்கு எங்கள் கணக்கு முன் டயருக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு.

அடுத்தது வெடிப்பு. இரட்டை ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கச்சுவரில் தலைமுடிபோல் மெல்லிய கோடுகள் மட்டும் என்றால் அவசரமில்லை. புங்காவின் பள்ளத்து அடியில் வட்டமாக ஓடும் வெடிப்பு, ரிம்முக்குச் சற்று மேலே ஓடும் வெடிப்பு, விரலால் அழுத்தினால் வாய் திறக்கும் வெடிப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் கழற்ற வேண்டியதுதான். உள்ளே நூல் தெரிந்தால் அந்த மோட்டாரைக் கடைக்கு ஓட்டிப் போகாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

காரணம் எளிது. காற்றில் உள்ள ஓசோன் ரப்பரின் சங்கிலிகளை அறுக்கிறது, வெயிலும் சூடும் அதைக் கெட்டியாக்குகின்றன. இதைத் தடுக்கத்தான் டயர்க் கலவையில் மெழுகும் காப்பு ரசாயனமும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேல்புறத்துக்குக் கசிந்து வரும். நின்றே கிடக்கிற மோட்டாரில் அது நடப்பதில்லை. ஓடாத டயர் சீக்கிரம் வெடிப்பது அதனால்தான். பழுப்பாகப் படிவதும் இந்தக் காப்புப் பொருள்தான், அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய்க் கலவைகளும் அதே கெடுதலைச் செய்யும். ஓடும் பகுதியில் பட்டால் வழுக்கவும் செய்யும். சவர்க்காரத் தண்ணீர் போதும். பட்டறையில் டீசல் சிந்திய தரையில் மோட்டாரை நிறுத்தாதீர்கள், டயர் ஊறி மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

பின் டயருக்குத் தேதியை விடத் தேய்மானமே அளவுகோல். பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு ஒன்று குறுக்கே இருக்கும், பல மோட்டார் டயர்களில் அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர். புங்கா அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் அக்டோபர், நவம்பரில் மாலை தவறாமல் கொட்டும் மழைக்கு 0.8 போதாது. 1.5 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுகிறவர் கெட்டிக்காரர்.

தேய்ந்த பின் டயரைக் கழற்றிவிட்டு முன்னால் இருந்ததைப் பின்னால் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காசு மிச்சம்போல் தோன்றும். ஆனால் முன் டயர் குறுகியது, பாரம் தாங்கும் எண்ணும் குறைவு. 70/90-17 டயரில் 38 என்றிருந்தால் 132 கிலோ. 80/90-17 டயரில் 50 என்றிருந்தால் 190 கிலோ. ஒருவர் பின்னால் உட்கார்ந்து, மடியில் அரிசி மூட்டையும் ஏறினால் அந்த 58 கிலோ வித்தியாசம் விளையாட்டில்லை. வேண்டாம்.

ஒட்டுப் போட்டால் ஆகாதா

ஆகும், இடம் சரியாக இருந்தால். டியூப்லெஸ் டயரில் ஓடும் பகுதியின் நடுவில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டை என்றால் ஒட்டலாம். பக்கச்சுவரில் பட்டால் எந்த ஒட்டும் நிற்காது. ஒட்டுவதில் இரண்டு வகை. வெளியிலிருந்து குத்தித் திணிக்கும் பிசின் கயிறு (கடையில் சாச்சிங் என்பார்கள்) ஐந்து நிமிஷ வேலை. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ அடைப்பை ஒட்டுவது அரை மணி நேரம். கயிறு வீடு போய்ச் சேர உதவும். அதோடு மாசக்கணக்கில் ஓட்டுவதை நாங்கள் சொல்ல மாட்டோம், முன் சக்கரத்தில் நிச்சயமாக மாட்டோம்.

தோட்டத்துப் பாதையில் ஆணியை விட அதிகம் குத்துவது செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையின் முள். மட்டையின் அடிப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்த முள் டயருக்குள் ஏறி, வெளியே நீட்டிய பாகம் ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒட்டுப் போட்ட டியூப் மறுநாள் காலையில் மறுபடியும் இறங்கிக் கிடந்தால், போர்மேனை (கடை மெக்கானிக்கை)த் திட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் விரலால் தடவக் கூடாது. முள் விரலில் ஏறும், பல சமயம் விரலுக்குத் தட்டுப்படவும் செய்யாது. ஒரு துண்டுப் பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ இழுத்துக்கொண்டே போனால் முள் நூலைப் பிடித்து நிறுத்தும். குறடால் உள்ளிருந்தே பிடுங்கிவிடலாம்.

தேடுகிற வேலையைக் குறைக்க ஒரு பழைய வித்தை உண்டு. டயர் மாட்டும்போதே கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டச் சொல்லுங்கள். பிறகு டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பெயரிலிருந்து அதே தூரத்தில் முள் இருக்கும். எந்தத் திசையில் அளப்பது என்பது தெரிய, டியூப்பை வெளியே எடுக்கும்போது திருப்பிவிடாமல் வைக்க வேண்டும்.

டியூப்பில் ஓட்டை ஒன்றுக்குப் பதிலாக இணையாக இரண்டு வெட்டு இருந்தால் அது முள்ளோ ஆணியோ இல்லை. காற்றுக் குறைவாக இருந்து, குழியின் விளிம்பில் இடித்து, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கிய அடையாளம். ஒட்டுப் போட்டுக் காற்றை மறுபடி குறைவாகவே வைத்தால் அடுத்த குழியில் திரும்ப வரும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தாலும் காற்றுக் குறைவுதான் காரணம்: டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூப்பை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியே விட்டால் வால்வு அடியோடு கிழியும், அதை ஒட்டவும் முடியாது.

அடைப்புத் திரவம் ஊற்றிவிடலாமா? சிறு முள் ஓட்டைகளுக்கு உதவும். ஆனால் அதற்குப் பிறகு டியூப்பில் ஒட்டுப் பிடிக்காது, கழுவிச் சுரண்டியே போட வேண்டும். தோட்டத்துக்குள் தனியாகப் போய்வரும் மோட்டாருக்குச் சரி, டவுனில் நாலு மோட்டார் கடை பக்கத்தில் இருப்பவருக்குத் தேவையில்லை. நைட்ரஜன் காற்றும் அப்படித்தான்: காப்சாய்க்கு அந்தக் காசில் ஒரு நல்ல அளவுமானி வாங்கலாம்.

மலிவு டயரா, விலை கூடியதா

உள்நாட்டு எஃப்கேஆர் முதல் மேக்ஸிஸ், டன்லப், ஐஆர்சி, மிஷலின், பிரெல்லி வரை காப்சாய் அளவில் தேர்வு நிறைய. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். பின் டயர் மலிவானது 60 வெள்ளி (ரிங்கிட்), 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு 0.6 சென். நல்ல கம்பெனி டயர் 120 வெள்ளி, 12,000 ஓடுகிறது; கிலோமீட்டருக்கு 1 சென். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், அதே காரணத்தால் சீக்கிரமும் தேயும். ஆக, தினமும் நெடுந்தூரம் ஓடித் தேய்க்கிறவருக்குப் பின் டயரில் மலிவானது தோற்பதில்லை.

முன் டயரில் கணக்குத் தலைகீழ். அது தேய்ந்து சாகாமல் வயசாகிச் சாகிறது என்பதால் கிலோமீட்டரை விட்டு வருஷத்தால் வகுக்க வேண்டும். மலிவானது 60, நல்லது 110 என்றால் வித்தியாசம் 50 வெள்ளி. ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்குப் பத்து வெள்ளி, மாசத்துக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. மழையில் பிடிமானம் முதலில் தேவைப்படுவதும் அங்கேதான். பை ஒரு நல்ல டயரைத்தான் தாங்கும் என்றால் அதை முன்னால் போடுங்கள். நடைமுறையில் எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு. முன்னும் பின்னும் வேறு கம்பெனியாக இருப்பதால் காப்சாயில் கெடுதல் இல்லை. அளவும் பாரம் தாங்கும் எண்ணும் சரியாக இருந்தால் போதும்.

கழற்றிப்போட்ட டயரை வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் போட வேண்டாம். பின்னால் போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும், உள்பக்கம் ஒட்டு இருக்கக் கூடாது, ரிம்மில் உட்காரும் விளிம்பில் கம்பி வெளியே தெரியக் கூடாது. பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக்கிப் புதுசுபோல் காட்டிய டயர் என்றால் தொடவே வேண்டாம், நூலுக்கு மேல் இருக்க வேண்டிய ரப்பரைத்தான் வெட்டியிருப்பார்கள்.

புது டயர் என்றாலும் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். சிறிய டவுன் கடைகளில் 2.25-17 போன்ற பழைய அளவுகள் மெதுவாகத்தான் விற்கும். அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்) கொக்கி போட்டு, சாயங்கால வெயில் படும் பக்கமாக மாட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுற்றியிருந்தாலும் அது வயசாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் என்றால் நல்லது, இரண்டு வரை பரவாயில்லை. மூன்று தாண்டியதென்றால், “அண்ணே, உள்ளே வேற இருக்கா?” என்று கேட்பதில் தப்பில்லை. விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் பின் சக்கரத்துக்கு மட்டும், அதுவும் சீக்கிரம் தேய்க்கிறவர் என்றால் மட்டும்.

டியூப்பா, டியூப்லெஸ்ஸா

லிடி ரிம் (கம்பி ஆரங்கள் உள்ள ரிம்) என்றால் பேச்சே இல்லை, டியூப்தான். ஒவ்வொரு லிடியின் ஓட்டை வழியாகவும் காற்றுப் போகும். ஸ்போர்ட் ரிம் (கம்பி இல்லாத வார்ப்பு ரிம்) என்றாலே டியூப்லெஸ் என்பதும் தப்பு. ரிம்மிலேயே டியூப்லெஸ் என்று வார்த்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் யோசிக்காமல் டியூப்லெஸ்ஸுக்குப் போங்கள். முள் குத்தினால் டியூப் சட்டென்று இறங்கும். டியூப்லெஸ் குத்திய முள்ளைக் கவ்விக்கொண்டு மெதுவாகக் கசியும், தார் ரோடு வரை வந்துவிடலாம். டியூப்புக்கு உள்ள ஒரே வசதி, அதை எந்தப் போர்மேனும் எந்த ஊரிலும் மாற்றிக் கொடுப்பார் என்பதுதான்.

டயர் புதுசு என்றால் டியூப்பும் புதுசு. ஓடிய டியூப் ரப்பர் நீண்டு பெரிதாகியிருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்காரும், மடிந்த இடத்தில் உராய்ந்து ஒரு நாள் பிளக்கும். லிடி ரிம்மில் உள்ளே சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் லிடியின் முனை டியூப்பைக் குத்தும்.

தார் ரோட்டுப் புங்காவா, பாச்சாக்கா

இந்த இடத்தில்தான் தோட்டப்புறத்து ஆளுக்கு உண்மையான குழப்பம். விடியற்காலையில் செம்மண் பாதையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய், மாலையில் ஈப்போ ரோட்டில் ஓட வேண்டியிருக்கிறது. கட்டை கட்டையாக நிற்கும் பாச்சாக் டயர் சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும். அதே டயர் ஈரத் தார் ரோட்டில் கட்டைகளின் நுனியில் மட்டும் நிற்கிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் நெளியும், வெள்ளைக் கோட்டின்மேல் சறுக்கும். தார் ரோட்டில் ஓடினால் கட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து, சில மாதங்களில் உறுமல் சத்தம் கேட்கும்.

பாதிக்கு மேல் செம்மண் என்றால் பின்னால் மட்டும் பாச்சாக் போடலாம், ஏறுவதற்கு இழுவை வேண்டியது பின்னால்தான். முன்னால் வேண்டாம். கால்வாசிதான் செம்மண், மீதி தார் ரோடு என்றால் பின்னாலும் தேவையில்லை. அகலமான, குறுக்கே வெட்டிய பள்ளங்கள் உள்ள சாதாரணப் புங்கா போதும். பள்ளம் ஆழமில்லாத வழவழப்பான ஓட்டப்பந்தய வகை டயர் மட்டும் இந்த ஊர்ப் பக்கம் எதற்கும் உதவாது. லோரி சக்கரம் தோட்டத்து வாசலில் தார் ரோட்டுக்கு இழுத்து வரும் செம்மண்ணில் மழைத் தூறல் விழுந்தால் போதும், அது பனிக்கட்டிதான்.

அளவை ஒரு படி கூட்டலாம், இரண்டு படி கூடாது. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு மட்டும் தரையைத் தொடும். செயினிலோ மட்கார்டிலோ உரசவும் செய்யும். இளைஞர்கள் விரும்பும் ஒல்லி சோத்தோங் டயர் அதற்கு நேர் எதிர், அது தாங்கும் பாரத்தைப் பக்கச்சுவரில் படித்துவிட்டுப் பின்னால் ஆள் ஏற்றலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது

பக்கச்சுவரின் அம்புக்குறி முன்னால் உருளும் திசையைக் காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக, அதுதான் டயரின் எடை குறைந்த இடம். புள்ளி இருக்கிற டயரில் கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வராமல் போனால் கவலையில்லை, அந்தப் புள்ளியின் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அதுவே அடையாளம். டயரின் உள்ளே கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் ஒட்டாமல் உட்காரும். விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் காற்றடித்தபின், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் காற்றை இறக்கி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் மோட்டார் துள்ளும்.

பின் சக்கரம் என்றால் செயின் தளர்வை அப்போதே சரிபார்க்க வேண்டும். பல காப்சாய்களில் 25 முதல் 35 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்துக் குறியும் ஒரே எண்ணில் நிற்கிறதா, பின் பிரேக் கம்பியின் நட்டு பழையபடி முடுக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சக்கரம் கழற்றிய அன்றே பிரேக் மிதி ஆழமாகப் போனால் அது டயரின் குற்றமில்லை.

காற்று அளவு செயின் மூடியிலோ அதை ஒட்டிய இடத்திலோ ஸ்டிக்கராக இருக்கும். பல 110 சிசி காப்சாய்களில் முன்னால் 200 கிலோபாஸ்கல், பின்னால் தனியாக என்றால் 225, ஆள் ஏறினால் 280. எண்ணெய் நிலைய மீட்டரில் இதே எண்கள்தான் வரும்; பிஎஸ்ஐ என்றால் 29, 33, 41. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓட்டாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சூடான டயரில் அதிகம் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்துதான் இருக்கும். புது டயரின் மேல்புறம் வழவழவென்று இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காதீர்கள்.

கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. லயத்துக்குப் பின்னால் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும்; 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி சுகாதார அதிகாரி அபராதம் எழுதலாம். செடி வைக்க எடுத்துப்போகிறவர்கள் அடிப்பக்கத்தில் நாலைந்து ஓட்டை போட்டு, உள்பள்ளம் முழுக்க மண் நிரப்பிவிட வேண்டும்.